செங்கமலம் டீச்சர்

நெய்வேலி
12.7.2017

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. ஹாஸ்டலில் உன் பக்கத்துக் கட்டில் அக்காவுக்குக்கூட வேண்டாம். உன் காலில் விழுந்து கேட்கிறேன், படித்ததும் கிழித்துவிடு. எல்லோரும் தூங்கிய பிறகு ஸ்டோர் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. அப்பாவுக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட். இருமல் பரவாயில்லை. உனக்கு அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

விஷயம் இதுதான். இனிமேல் அம்மா போனில் முக்கியமானது எதையும் பேசாதே. ஞாயிற்றுக்கிழமை வேணு மாமா முன்னறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். காபி கொடுக்கப் போனேன். வயரைச் சரியாகச் செருகவில்லை போலிருக்கிறது. லேப்டாப்பிலிருந்து உன் குரல் வந்தது. "கார்த்திகைக்குள்ள பாஸ் பண்ணிடுவேம்மா. அப்புறம் வேணு மாமா பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது." நீ வியாழக்கிழமை அம்மாவிடம் பேசியது, அக்கா. அப்படியே, மூச்சு வாங்குவது உட்பட.

மாமா என்னைப் பார்த்தார். "உங்கக்கா குரலு எஃப்.எம்.ல பேசறவ மாதிரி இல்ல?" என்றார். நான் டம்ளரை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அம்மாவிடம் சொல்ல முடியவில்லை. "எந் தம்பி ரிப்பேர் பண்ணிக் குடுத்த போனு, காசு ஒண்ணும் வாங்கல" என்று டவுன்ஷிப் ப்ளாக் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பதில் போடுவதாக இருந்தால் ஆசிஃபா வீட்டுக்குப் போடு. மந்தாரக்குப்பத்தில் அவள் அத்தா ஜமால் முகமதுவின் செருப்புக் கடை முகவரி பின்பக்கம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அவள் என்னிடம் கொடுத்துவிடுவாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை
இசைப்பிரியா


சென்னை
21.7.2017

என் இசைக்குட்டிக்கு,

கிழித்துவிட்டேன். போதுமா? இங்கே நான் நன்றாக இருக்கிறேன். சாம்பாரில் பருப்பைத் தேடுவதுதான் ஒரே உடற்பயிற்சி. அம்மாவை மாடிப்படி ஏறவிடாதே. துணி காயப்போடுவது உன் வேலை.

வேணு மாமா செய்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை. வடலூரில் செல்போன் கடை, நம் வீட்டு முன்னறையில் படுக்கை, அம்மாவின் கையால் சோறு, கடைசியில் அக்கா மகளும் வேண்டும். தாய்மாமன் என்றால் சும்மாவா?

நீ பயப்படாதே. அப்பா ஷிப்ட் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "கார்த்திக முடியறதுக்குள்ள வேல ஆர்டரோட வா. வரலன்னா தையில உனக்கும் வேணுக்கும் கல்யாணம். அதுவரைக்கும் எங்கிட்ட பேசாத." நானும் பேசவில்லை. பயிற்சி நிலையத்தில் உறுதியாகச் சொல்லியிருக்கிறார்கள்: இந்த அடிப்படை சைபர் செக்யூரிட்டி தேர்வில் தேறினால் அந்த வாரமே ஆர்டர். தேர்வெழுதும் அனுமதியை ஒரு முறைதான் தருவார்கள். அது நவம்பர் முப்பது வரை செல்லும். நிறைய நாள் இருக்கிறது.

புது சிம் வாங்கிவிட்டேன். நம்பரை உனக்குத் தரப்போவதில்லை, கோபப்படாதே. என் புத்தகத்தில் ஒரு விதி இருக்கிறது: யாருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் தெரிய வேண்டும், ஒரு சாவிகூட அதிகம் கொடுக்கக் கூடாது. உனக்குத் தெரியாததை உன்னிடமிருந்து யாரும் பிடுங்க முடியாதல்லவா? அம்மாவிடம் ஞாயிறன்று கடை போனிலிருந்து பேசிக்கொள்கிறேன். சாப்பிட்டேன், தூங்கினேன், அவ்வளவுதான். மாமா கேட்டு மகிழட்டும்.

இன்று பாஸ்வேர்டு பாடம். படிக்கும்போது சிரிப்பு வந்துவிட்டது. நம் டவுன்ஷிப்பில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் எல்லாவற்றுக்கும் அப்பாவின் வேலை டோக்கன் நம்பர்தான் பாஸ்வேர்டு. ஆஸ்பத்திரிச் சீட்டு முதல் சைக்கிள் பூட்டு வரை. திருடனுக்கு நம் ஊர் சொர்க்கம்.

அன்பு அக்கா
பொற்கொடி


நெய்வேலி
6.8.2017

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். அப்பா பகல் நேர ஜெனரல் ஷிப்டுக்கு மாறியிருக்கிறார். அம்மா பலாக்கொட்டை வறுத்து உனக்கென்று டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள், அனுப்ப வழியில்லை.

உனக்கு உதவியாக ஒரு மாதிரி வினா எழுதியிருக்கிறேன். என் தோழி ஒருத்திக்கு அவள் மாமா பழைய போன் ஒன்றைக் கொடுத்தார், டியூஷன் பாடம் பார்க்க. அதற்கு அவள் அப்பாவின் டோக்கன் நம்பரைத்தான் போட்டிருந்தாள். அதில் அவள் ஒருவருக்கு மெசேஜ் அனுப்புவாள். தப்பாக ஒன்றுமில்லை, சும்மா பேசுவதுதான். அந்த மெசேஜ் எல்லாவற்றையும் வேறொருவர் எடுத்து வைத்துக்கொண்டார் என்றால் அவள் என்ன செய்ய வேண்டும்? உன் புத்தகத்தில் அதற்கு விடை இருக்கிறதா?

போனை அணைத்துவிட்டால் எடுத்தது போய்விடுமா?

சீக்கிரம் எழுது. தோழி பாவம்.

இசை


சென்னை
27.8.2017

இசைக்குட்டிக்கு,

தாமதத்துக்கு மன்னிப்பு. பகலெல்லாம் வகுப்பு, மாலையில் ஒரு கடையில் பில் போடுகிறேன், மீதி நேரத்தில் புத்தகம். ஜலதோஷம் தவிர வேறு குறையில்லை. பலாக்கொட்டையை நினைத்தாலே அழுகை வருகிறது.

உன் வினா மிக நல்ல வினா! எங்கள் பாடத்தில் மூன்று தூண்கள்: ரகசியம் காக்கப்பட வேண்டும், தகவல் திருத்தப்படாமல் இருக்க வேண்டும், உரியவருக்குத் தேவையான நேரத்தில் கிடைக்க வேண்டும். உன் தோழிக்குப் போனது முதல் தூண். போனை அணைத்தால் எடுத்தது போகாது. சரியான விடை: மறைக்காமல் உடனே பொறுப்பானவரிடம் சொல்ல வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் திருடனுக்கு லாபம். இதைத் தேர்வில் கட்டாயம் கேட்பார்கள் என்று சார் சொன்னார்.

ஆமாம், யாருடீ அந்தத் தோழி? டியூஷனில் படிப்பு நடக்கிறதா, மெசேஜ் நடக்கிறதா?

ஒரு வேடிக்கை சொல்கிறேன். தேர்வுப் பதிவுத் தளத்தில் கணக்கு தொடங்கினேன். பாஸ்வேர்டு மறந்தால் கேட்பதற்கு ஒரு ரகசியக் கேள்வி வேண்டுமாம். "உங்கள் முதல் ஆசிரியர் யார்?" நம் ப்ளாக்கில் பிறந்த எல்லோருக்கும் முதல் ஆசிரியர் பால்வாடி கஸ்தூரியம்மாள்தானே! இது ஒரு ரகசியமா? விடை பொய்யாக இருப்பதே பாதுகாப்பு என்கிறது புத்தகம். அதனால் செங்கமலம் என்று போட்டேன். நான் முதன்முதலில் 'அ' எழுதிய தாளைத் தின்ற பால்காரம்மாவின் சிவப்பு ஆடு! செங்கமலம் டீச்சர்! உன்னையும் என்னையும் தவிர உலகத்தில் யாருக்குத் தெரியும்? நூலகத்தில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன்.

நீயும் சிரி.

பொற்கொடி


நெய்வேலி
10.9.2017

அன்புள்ள அக்காவுக்கு,

சிரித்தேன். பிறகு அழுதேன். ஜலதோஷத்துக்கு மிளகு போட்டுப் பால் குடி.

தோழி யாரும் இல்லை. நான்தான்.

அவன் பெயர் நெடுமாறன். டியூஷனில் எனக்குப் பின் பெஞ்சு. அவன் அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆள், மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள். நாங்கள் தனியாக எங்கேயும் போனதில்லை. மெசேஜ்தான். ஒரு நாள் மழையில் பஸ்சுக்கு நின்றோம், அன்றைக்கு நான் எழுதியது ஒரு வரி: "குடை இருந்தும் நீ நனைஞ்சிகினு வந்தது எனக்குத் தெரியும்."

நேற்று எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்பாவுக்கு வாரவிடுமுறை. மாமா மோரை ஊற்றிக்கொண்டே அப்பாவிடம், "மாமா, ஒரு படத்துல டயலாக்கு, கேளுங்க. குடை இருந்தும் நீ நனைஞ்சிகினு வந்தது எனக்குத் தெரியும். எப்படி?" என்றார்.

அப்பா, "எந்தப் படம்டா?" என்றார்.

"இன்னும் ரிலீசாவல. ஆனா சீக்கிரம் வந்துடும்." என்னைப் பார்க்கவேயில்லை. "என்ன இசை, ஊறுகா வேணுமா?" என்று கிண்ணத்தைத் தள்ளினார்.

அம்மா சிரித்தாள். "நம்ம பக்கத்துப் பேச்சா இருக்கு. யாரு எழுதுனாங்களோ" என்றாள்.

மேல்வீட்டுக் கோகிலாவை அவள் அப்பா என்ன செய்தார் என்று உனக்குத் தெரியும். அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி எட்டு மாதம்கூட ஆகவில்லை. நம் அப்பா அப்படிச் செய்ய மாட்டார் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியாது.

மாமா பிறகு தனியாக என்னிடம் கேட்டது இரண்டுதான். நீ தங்கியிருக்கும் இடம், தேர்வு எந்த நாள். முகவரியை மறைத்து, எதுவும் தெரியாது என்றேன். "தெரிஞ்சிகினு சொல்லு" என்றார்.

உடனே சொல் என்று புத்தகத்தில் இருக்கிறதே, நான் யாரிடம் சொல்லட்டும்? நீ சொல்.

இசை


நெய்வேலி
1.10.2017

அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? மூன்று வாரமாகப் பதில் இல்லை. ஆசிஃபாவிடம் தினமும் கேட்கிறேன். "இன்னிக்கும் வரலடி, அத்தா பாவம் போஸ்ட்மேனையே மொறைச்சிப் பாக்குறாரு" என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமையும் நீ பேசவில்லை. என் கடிதம் வந்ததா? வேறு யார் கையிலாவது கிடைத்ததா? என் மேல் கோபமா?

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

இசை


சென்னை
12.10.2017

இசைம்மா,

கோபம் இல்லை. காய்ச்சல். பத்து நாள் அரசு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வீட்டுக்குச் சொல்லவில்லை, சொன்னால் அன்றே கூட்டிப்போய்விடுவார்கள். அம்மாவிடமும் நீ சொல்லாதே. இப்போது எழுந்து நடக்கிறேன், முடிதான் கொட்டுகிறது. உன் இரண்டு கடிதத்தையும் ஒன்றாகத்தான் படித்தேன்.

உன்னைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. நல்ல வரியாகத்தான் எழுதியிருக்கிறாய்.

கவனமாகக் கேள். அப்பாவிடம் இப்போது சொல்லாதே. சொன்னால், "மூத்தவள சென்னைக்கு அனுப்புனேன், எளையவளும் கெட்டா" என்று என்னையும் திருப்பி அழைத்துவிடுவார். தேர்வு நவம்பர் 25, சனிக்கிழமை. அன்று மாலையே முடிவு தெரிந்துவிடும். ஆர்டரோடு வந்து நானே அப்பாவின் முன்னால் நிற்கிறேன், உன் விஷயத்தையும் நானே பேசுகிறேன். அதுவரை வாயை மூடிக்கொண்டிரு. உடனே சொல் என்று நான் எழுதியது தேர்வுக்கான விடை. இது வீடு.

இந்த நாளை உன்னிடம் சொன்னதே விதிக்கு விரோதம். யாருக்கும் சொல்லாதே.

பொறுத்துக்கொள், கண்ணு.

அக்கா


நெய்வேலி
5.11.2017

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு தேறியதா? தலைக்கு நல்லெண்ணெய் வை. தீபாவளியிலிருந்து அம்மா போன் மாமா கடையில் இருக்கிறது. டிஸ்ப்ளே போய்விட்டது, சாமான் வரவேண்டும் என்கிறார். அதனால்தான் ஞாயிறன்று நீ கூப்பிட்டாலும் கிடைக்காது. அப்பா போன் அவரோடு ஷிப்டுக்குப் போய்விடுகிறது.

இதைப் படித்ததும் முதல் வேலையாக அந்த ரகசியக் கேள்வியின் விடையை மாற்று. இன்றே மாற்று.

நேற்று மாமா அம்மாவுக்கு முழங்காலில் தைலம் தேய்த்துவிட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு அம்மா கலகலவென்று பேசினாள்.

"ஏங்க்கா, பொற்கொடிக்கும் கஸ்தூரி டீச்சருதானே?" என்றார்.

"வேற யாரு? ஊருக்கே அவங்கதான்."

"இல்லியே. நான் என்னமோ வேற டீச்சருன்னு இல்ல நெனச்சேன்."

உன் மெயில் முகவரி அவருக்குத் தெரியும். உன் தேர்வுக் கணக்கில் ஏற்கெனவே கஸ்தூரி என்று போட்டுப் பார்த்திருக்கிறார் அக்கா.

அம்மா சிரித்தாள். "வேற டீச்சரா? அட, அத்த ஏன் கேக்குற! மொத நாளு பால்வாடிக்குப் போவ மாட்டேன்னு வேலியப் புடிச்சிகினு அழுவுறா. கையில ஆனா எழுதுன தாளு. பால்காரம்மா ஆடு வந்து லபக்குன்னு..."

நான் குறுக்கே போய், "அம்மா, அடுப்புல பால் பொங்குது" என்றேன்.

"பாலே வெக்கலியேடி" என்றாள் அம்மா. "நான்தான் சொன்னேன், அழுவாதடி, செங்கமலம் டீச்சர் திருத்திட்டாங்கன்னு. ஒரு வருஷம் அந்த ஆட்டுக்கு வணக்கம் டீச்சர்னு கும்புடு போட்டுகினு கெடந்தா!" சொல்லிவிட்டுக் கண்ணில் நீர் வர சிரித்தாள். மாமாவும் சிரித்தார். நானும் சிரிக்க வேண்டியிருந்தது.

நமக்கு மட்டும் தெரியும் என்று நினைத்தாயே, அந்தப் பெயரை வைத்ததே அம்மாதான். எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாளோ.

மாமா கையில் இருந்த தைலத்தைக் கழுவிவிட்டு லேப்டாப்பைத் திறந்தார். நான் என்ன செய்திருக்க முடியும்? அம்மாவின் வாயையா பொத்துவது?

மாற்றிவிட்டேன் என்று ஒரு கார்டு போடு.

இசை


சென்னை
14.11.2017

இசைக்குட்டி,

எப்படி இருக்கிறாய்? அம்மாவின் கால் எப்படி? நான் முன்போல் சாப்பிடுகிறேன்.

இடம் மாறிவிட்டேன். ஹாஸ்டலில் இரவு பத்துக்கு மேல் விளக்கு எரியவிடுவதில்லை. உடன் படிக்கும் ஆயிஷாவின் வீடு தேர்வு மையத்துக்குப் பக்கம், நவம்பர் மூன்றாம் தேதியே பெட்டியோடு வந்துவிட்டேன். புது முகவரி கீழே. ஹாஸ்டல் வார்டனிடம் கடிதம் வந்தால் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், தேர்வு முடிந்து போய் வாங்கிக்கொள்வேன். நீ எழுதியிருந்தால் அங்கேதான் தூங்கிக்கொண்டிருக்கும்.

மெயில், இணையம் எதையும் தேர்வு வரை தொடுவதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறேன். மாதிரித் தேர்வில் எண்பத்தாறு சதவீதம்! சார் எழுந்து நின்று கைதட்டினார். இனி எதுவும் என்னைத் தடுக்க முடியாது என்று தோன்றுகிறது. இப்படித் தோன்றுவது எனக்கு இதுதான் முதல் தடவை.

இன்னும் கொஞ்ச நாள். வாயை மூடிக்கொண்டிரு, தங்கம். நல்ல பெண்.

அக்கா


நெய்வேலி
22.11.2017

அக்கா,

முதலில் விஷயம். உன் தேர்வு ரத்தாகிவிட்டது. சனிக்கிழமை நீ போனால் அங்கே உன் பெயர் இருக்காது. இதைப் படித்த நிமிடமே பயிற்சி நிலையத்துக்கு ஓடு. நீ ரத்து செய்யவில்லை என்று சொல். அனுமதி முப்பதாம் தேதி வரை செல்லும் என்று எழுதியிருந்தாயே, வேறு நாள் கேள். அழு, சண்டை போடு, எதையாவது செய். மெயிலைத் திற, பாஸ்வேர்டு எல்லாவற்றையும் மாற்று.

உன் பதினான்காம் தேதிக் கடிதம் இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. செருப்புக் கடைக்கு எப்போது வந்ததோ, பழைய பில்லோடு கிடந்ததாம். நான் எச்சரித்து எழுதியது உன்னைச் சேரவேயில்லை என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்தது. பதினேழு நாளாக நீ மாற்றியிருப்பாய் என்று நம்பிக்கொண்டிருந்தேன். கார்டு வராதது வேலை மும்முரத்தால் என்று நினைத்தேன்.

மாலையில் மாமா என்னைக் கூப்பிட்டார். லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். உன் பெயர், உன் போட்டோ, இருபத்தைந்தாம் தேதி, அதன் மேல் சிவப்பு எழுத்தில் ரத்து என்று இருந்தது. அவராகவே காட்டினார் அக்கா. மறைக்கக்கூட இல்லை.

"உங்கக்கா ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வந்துடுவா. நல்ல மீனா வாங்கி வெக்கச் சொல்லு" என்றார்.

"அப்பாகிட்ட சொல்லிடுவேன்" என்றேன். எப்படி என் வாயில் வந்தது என்று தெரியவில்லை.

"சொல்லேன். நானும் ஒரு சேதி சொல்றேன். எது பெருசுன்னு உங்கப்பாவே சொல்லட்டும்." பிறகு என் தலையைத் தடவினார். "பயப்படாத. அக்கா வந்துட்டா நான் எதுக்கு உன் மெசேஜ வெச்சிகினு இருக்கப்போறேன்? அழிச்சிடுவேன். நான் என்ன கெட்டவனா?"

அவர் தன்னை நல்லவர் என்றுதான் நினைக்கிறார் அக்கா. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அம்மா அப்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "என்னடி மாமனும் மருமவளும் ரகசியம்?" என்றாள். ஒன்றுமில்லை என்றோம், இரண்டு பேருமே.

நாளை விடிகாலை பஸ்ஸில் ஆசிஃபாவின் அத்தா சரக்கு எடுக்கச் சென்னை பெரியமேட்டுக்கு வருகிறார். உன் புது முகவரியில் கையிலேயே கொடுக்கிறேன் என்று ஆசிஃபாவிடம் சொல்லியிருக்கிறார். என்ன ஏது என்று அவர் கேட்கவில்லை. விடிவதற்குள் பால் பூத்துக்கு வந்து அவள் இதை வாங்கிக்கொள்வாள். அதனால் மத்தியானத்துக்குள் உன்னிடம் வந்துவிடும். வந்துவிட வேண்டும்.

உன் உடம்பைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டேன். நன்றாக இருக்கிறாயா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ முதலில் உடனே சொல் என்றாய், பிறகு சொல்லாதே என்றாய். இரண்டையும் கேட்டு நடந்தேன். இப்போது உன்னைக் கேட்க நேரமில்லை. அப்பாவுக்கு நைட் ஷிப்ட், காலையில் வருவார். காலுறையைக் கழற்றும்போது வாசல்படியில் தனியாக உட்கார்ந்திருப்பார், அப்போது யாரும் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். நானே சொல்லிவிடப்போகிறேன். நெடுமாறனைப் பற்றி முதலில். மாமாவுக்குச் சொல்ல ஒன்றுமில்லாமல் போகட்டும். பிறகு உன் தேர்வைப் பற்றி. அவர் என்னை அடித்தால் அடிக்கட்டும், முழுதாகக் கேட்டுவிட்டு அடித்தால் போதும். பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தாமல் இருந்தால் போதும்.

சொல்லிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அப்பா, நான் ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் குரல் வரவில்லை. எழுதினால் வருகிறது. அப்பா, நான் ஒரு பையனோடு மெசேஜில் பேசினேன். மாமா அதை எடுத்து வைத்துக்கொண்டு

அக்கா, யாரோ தட்டுகிறார்கள். வாசல் கதவு இல்லை, இந்த ஸ்டோர் ரூம் கதவு. அம்மாவாக இருந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். கூப்பிடவில்லை. நீ எப்படியாவது நாளைக்கே